பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டவள்

ராத்திரி நடந்த கதை என்றால் தூக்கக் கலக்கம், கண் ஏமாற்றியது என்று ஏதாவது சொல்லிவிடுவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். மனப்பிரமை என்று சொல்ல நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வார்த்தையைச் சொன்ன என் நாத்தனாரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

எங்களுக்குச் சலவைத் தொழில். மலை மேல் இருக்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்காகவே ஒரு பழைய டர்போ டீசல் பிக்கப் வண்டி வாங்கியிருந்தோம். சமதரையில் ராஜா மாதிரி போகும். லோடோடு மேட்டில் ஏறினால் போதும், மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே நம் காதைக் கிழிப்பான்.

டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துவிட்டார். தெரு முனை மெக்கானிக் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "நல்லா ஓடற பம்புல கை வைக்காதீங்க சார்" என்று படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே? போனில் நாலு வீடியோ பார்த்ததும் பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டார்.

"இதுக்குப் போய் மெக்கானிக் எதுக்கு? நம்ம ஷெட்லயே பண்ணிடலாம்" என்றார்.

எங்கள் ஷெட் சின்னது. முன்னால் ஷட்டர். வண்டியை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தினால், பானெட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். அங்கே சுவரோடு ஒட்டி எங்கள் பழைய இஸ்திரி மேஜை கிடந்தது.

பம்பின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அது அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு நட். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை உள்ளே திருகினால் இன்ஜினுக்கு டீசல் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திருக வேண்டுமாம். பழைய இடம் மறந்துவிடக் கூடாது என்று என் நகப்பூச்சை வாங்கி, ஸ்க்ரூவிலிருந்து பம்பின் உடம்பு வரை நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். கால் சுற்று திருகினார். கோடு இரண்டாக உடைந்து, ஸ்க்ரூவில் இருந்த பாதி பக்கவாட்டில் போனது. நட்டை இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் கொல்லைப்புறத்தில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஷெட்டிலிருந்து ஒரே கத்தல்.

"இதைத் தொட்டியா நீ?"

போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு நேராக இருந்தது. நட்டும் இறுக்கமாக இருந்தது.

"எனக்கு வேற வேலை இல்லையா? நீங்க திருகவே இல்ல போலிருக்கு."

"திருகினேன். உனக்குத்தான் இந்த வேலை ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கலையே."

மறுபடியும் திருகினார். இந்த முறை நானும் பார்த்தேன். கோடு உடைந்தது. நட்டை இறுக்கினார், ஷட்டரை இறக்கினார், பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால்...

கோடு நேராக இருந்தது.

உங்களுக்கு நியாயமாக என்ன தோன்றும்? பயம்தானே? இந்த மனிதருக்கு என் மேல்தான் சந்தேகம் வந்தது. "உன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. பொய் சொல்லாதே" என்றார். பதினோரு வருடம் கூட வாழ்ந்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, திருகுங்க. நான் இங்கேயே நிக்கறேன். கண்ணைக்கூட எடுக்க மாட்டேன். அப்புறமும் மாறினா, யார் பொய் சொல்றாங்கன்னு பாத்துக்கலாம்" என்றேன்.

வீம்புக்கு அரை சுற்று திருகினார். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து நட்டை இறுக்கினார். "வெளியில ஒரு தம் போட்டுட்டு வரேன்" என்று போய்விட்டார். நான் பானெட்டுக்கு முன்னால், சுவர்ப்பக்கம், டார்ச்சைப் பம்பின் மேல் அடித்தபடி நின்றேன்.

ஷெட்டில் சத்தமே இல்லை.

பிறகு, வண்டிக்குள்ளிருந்து கேட்டது.

சர்ர்ர்ர்...

க்ளிக்.

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம். நாம் தினமும் கேட்கிற சத்தம்தான். திறந்திருந்த பானெட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது.

சீட்டில் யாரும் இல்லை.

டார்ச்சை மறுபடியும் பம்பின் பக்கம் திருப்பினேன். என் கண் முன்னாலேயே நட் அசைந்தது. டிக். தளர்ந்தது. ஸ்க்ரூ மெதுவாகத் திரும்பி... கோடு ஒன்று சேர்ந்தது. நட் மறுபடியும் இறுகியது. டிக்.

பின்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தார்.

"நினைச்சேன்! திருப்பி வெச்சுட்டியா? ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்!" என்றார். விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறி, சாவியைத் திருகினார். "பக்கத்துல... பெல்ட்டு..." என்று நான் உளறியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

முதலில் சாதாரணமாகத்தான் ஓடியது.

அப்புறம் இன்ஜின் வேகம் ஏறியது. யாரோ ஆக்ஸிலேட்டரை அழுத்துவதுபோல் ஏறிக்கொண்டே போனது. புகை ஷெட்டை அடைத்தது. தரை அதிர்ந்தது.

"ஆஃப் பண்ணுங்க!"

"பண்ணிட்டேன்! சாவி என் கையில இருக்கு!"

இன்ஜின் அலறியது.

"எல்லாம் உன்னாலதான்! நீதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கே!"

அந்த நேரத்திலும் பழி என் மேல்! வந்த கோபத்தில் டார்ச்சைச் சுவரில் வீசினேன். அவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்க, டிரைவர் கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன்.

வண்டி பாய்ந்தது.

மேஜை நொறுங்கியது. நான் நின்றிருந்த இடத்தில் பம்பர் சுவருக்குள் புதைந்திருந்தது.

இன்ஜின் அணைந்தது.

கோபத்தைக் குறைத்துக்கொள் என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அன்றைக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால், இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். என்னைப் பக்கவாட்டில் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ... எப்ப இறங்கினே?"

"எங்கேர்ந்து?"

"பக்கத்துல உக்காந்து நீதானே சொன்னே? 'கியரைப் போட்டு கிளட்ச்சை விடுங்க, இன்ஜின் அணைஞ்சிடும்'னு? உன் குரல்தானே அது?"

நான் அதை நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்களா? "கொல்லப் பார்த்துட்டு அதுக்கும் என்னையே சாட்சிக்குக் கூப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். போன் மேல் போன் போட்டார், எடுக்கவில்லை. வக்கீலைப் பார்ப்பது என்றே முடிவு செய்திருந்தேன். தெரு முனை மெக்கானிக்தான் அம்மா வீட்டுக்குப் போன் செய்தார். பம்பைக் கழற்றிப் பார்த்தாராம். "ஸ்க்ரூ பழைய இடத்துலதான்மா இருக்கு. இன்ஜின் அப்படிக் கத்தறதுக்குக் காரணமே இல்ல" என்றார்.

அப்போதுதான் வண்டியை எங்களுக்கு விற்றவரின் நினைவு வந்தது. சட்டையைப் பிடித்துக் கேட்பது என்று கிளம்பினேன். ஓட்டு வீடு. தனியாக இருந்தார். நான் முதலில் சொன்னது இரண்டே வார்த்தைதான்: "அந்த வண்டி..."

அவர் கேட்டார்: "கியரைப் போடச் சொல்லிச்சா?"

அப்படியே உட்கார்ந்தேன்.

"யார் குரல்ல?" என்றார்.

"என் குரல்ல."

அவர் மனைவி இதே வண்டிக்கும் சுவருக்கும் நடுவில்தான் இறந்திருக்கிறார். மனைவி பக்கத்து சீட்டிலிருந்து சொன்னதாகத்தான் இவரும் சத்தியம் செய்திருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. மைத்துனர்கள் இன்றைக்கும் இவரைக் கொலைகாரன் என்றுதான் சொல்கிறார்களாம்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அழுகை வந்தது. அதற்கு மேல் ஆத்திரம் வந்தது.

"தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டீங்களே, நீங்கள்லாம் மனுஷரா?"

"அவ ஆவின்னு நெனச்சேன்மா. எம்மேல இருக்கற கோபத்துல வண்டியில சுத்துறா, கை மாறினா அடங்கிடுவான்னு நெனச்சேன்."

"உங்க காதுல அந்தக் குரல் கேட்டப்போ, உங்க மனைவி வண்டிக்கு முன்னால உயிரோடதானே நின்னாங்க? அப்புறம் அது எப்படி அவங்க ஆவியாகும்?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு வண்டியை வித்தவரும் தனி ஆளாத்தான் இருந்தாரு. சுவத்துல ஒரு பொம்பளை போட்டோ, மாலை போட்டு மாட்டியிருந்துச்சு. எப்படி இறந்தாங்கன்னு நான் கேக்கலை."