அப்பாவின் ஆஸ்பத்திரி நம்பர்

"வேலூர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல கீறது ஆம்பூர் கடைல எப்டிமா தெரியும்? காலேஜ்ல இதான் சொல்லிக் குட்த்தாங்களா?" என்றார் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என்னைச் சந்தேகப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு. அவர் அதைத் தினமும் பயன்படுத்துவார்.

விஷயம் அப்பாவின் மயக்கம். தோல் கம்பெனி வேலையில் கை அரிக்கிறதென்று வேலூருக்குப் போனவரிடம், டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "உங்களுக்கு சர்க்கரை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு" என்று மாத்திரை எழுதிவிட்டார். வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடம் அப்பா எதிர்க்கேள்வி கேட்டதே இல்லை. மாத்திரை போட்ட நாளிலிருந்து வேலை நடுவே தலைசுற்றல். பக்கத்திலேயே தோல் பதனிடும் பெரிய டிரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் விழுந்தால் என்ன ஆவது? வீட்டில் அவருக்கு மறுத்த ஜிலேபியைப் பெரியப்பா தின்று தீர்த்தார்.

ரிப்போர்ட்டை இணையத்தில் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் எனக்குப் பின்னால் அப்பாவும், நான் தோற்பதைப் பார்க்க வந்த பெரியப்பாவும் நின்றார்கள்.

பெரியப்பா கொட்டாவி விட்டு முடிக்கையில் பக்கம் திறந்தது. அப்பாவின் பெயர், நம்பர். தோல் பிரிவு. அதற்கு முந்தைய மாதம் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை அதிகம். அதே நாளில் கண் பிரிவு.

"கண்ணுக்கு எப்பப்பா போன?"

"நானா? எனக்கு எறும்பு ஊர்றதுகூடத் தெரியுமே."

திரும்பினேன். பெரியப்பாவின் மூக்கில் புதுக் கண்ணாடி. மெல்லக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"இன்னா இப்போ? புது ஆஸ்பத்திரி அட்டைக்கு வரிசைல நிக்கணும். தம்பி அட்டை சும்மாதான கெடந்துச்சு. ரேஷன் கார்டு மாதிரி ஊட்டுக்கு ஒண்ணு போதும்னு நெனச்சேன்."

"ரத்தம்?"

"கண்ணு டாக்டர் குடுக்கச் சொன்னாரு, குட்த்தேன். ரிசல்ட்டுக்கு யாரு மறுபடி போறது, பேஜாரு."

"அப்ப உன் சக்கரைக்கு நான் மாத்திர துன்னுனு கீறேனா?" என்றார் அப்பா. தன் அண்ணனை அவர் 'உன்' என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் அப்பா கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. இருவரையும் வேலூருக்கு இழுத்துப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்பாவின் மாத்திரையை அங்கேயே நிறுத்தி, புதிதாக ரத்தம் எடுத்தார்கள். பெரியப்பாவை வரிசையில் நிற்க வைத்து, சொந்த நம்பர் வாங்கி, ரத்தமும் கொடுக்க வைத்தேன். பாஸ்வேர்டைக் கேட்டார். சொல்லவில்லை. அவர் ரிசல்ட் வந்த அன்றே நான் திறந்து, பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டியும் விட்டேன்.