ஊசி முடிந்த பிறகு கட்டிய காப்பு

கோதண்டபாணி மாமாவுக்கு வாரத்தில் ஆறு நாள் தி. நகர் கடைகளில் வெள்ளையடிக்கும் வேலை. ஏழாவது நாளும் ஓய்வில்லை. மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் குடிசைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. சுண்ணாம்பு அரித்த விரல்களால்தான் திருநீறு கொடுப்பார். பிள்ளைக்கு அம்மை போட்டால் டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் வருவார்கள்.

ஆடித் திருவிழாவுக்கு அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்பு கட்டிவிட்டால், பத்து நாள் எங்கள் குப்பத்தில் யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். ஊசியும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்த நாட்களில் அம்மன் தெருவில் நடமாடுகிறாள் என்பது நம்பிக்கை.

1995இல் காப்பு கட்டிய மறுநாள் நர்ஸ் ஆரோக்கியமேரி தட்டம்மைத் தடுப்பூசியோடு வந்தார். "திருவிழா முடியட்டும், நர்சம்மா" என்றார் மாமா. அவ்வளவுதான், எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. நர்ஸ் மறுபடி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அன்புச்செல்வியின் இரண்டு வயது மகன் தட்டம்மையில் இறந்துபோனான். ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்றார்கள். மாமாவை ஒருவரும் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஆடியில் காப்பு கட்டும் நாளன்று காலையிலேயே நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். மாமா குளித்து, ஈர வேட்டியோடு நின்றிருந்தார். கயிறு தட்டில் தயாராக இருந்தது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் புள்ளைங்களுக்கு ஊசி போட்டுக்கினு வாங்க. அப்பால கட்டிக்கிறேன்."

"இன்னா மாமா, ஆத்தாளுக்கே டைம் குடுக்கிறியா?" என்றான் டில்லிபாபு. "இன்னா, நர்சம்மா பிஸ்கோத்து வாங்கிக் குடுத்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"ஆத்தா கோச்சிக்கினா?" என்றான் டில்லிபாபு மறுபடி.

"என்னாண்ட கோச்சிக்கட்டும். நீ புள்ளைய தூக்கினு வா."

யாரும் அசையவில்லை. பம்பை அடிக்க வந்த தங்கவேல், "யோவ் பூசாரி, எத்தினி நேரம்யா சும்மா நிக்கிறது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். வேட்டி உடம்பிலேயே காய்ந்தது. ஒரு வாரமாகச் சாரத்தில் ஏறி இறங்கிய முழங்கால்களை மாமா நீவிக்கொண்டே இருந்தார்.

பதினொரு மணிக்கு அன்புச்செல்வி வந்தாள். மகன் இறந்த மாதத்தில் பிறந்த பெண் குழந்தை இடுப்பில் இருந்தது. நேராக நர்ஸிடம் போய்க் குழந்தையின் கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டது. அதன் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டில்லிபாபுவும் முணுமுணுத்துக்கொண்டே தன் மகனைத் தூக்கி வந்தான்.

அன்புச்செல்வி திருநீற்றுக்காக மாமாவிடம் வந்தாள்.

"போன வர்சமும் இப்டி குந்தியிருக்கலாம் இல்ல, மாமா?"

"ஆமாம்மா" என்றார். குழந்தையின் நெற்றியில் பூசினார். அன்புச்செல்வியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் தாண்டியும் இரண்டு வீட்டுக் கதவுகள் திறக்கவில்லை. இதற்குமேல் காத்திருக்க முடியாது என்று தங்கவேல் கயிற்றை எடுத்து மாமாவின் கையில் கட்டினார். நர்ஸ் பெட்டியை மூடினார்.

"மிச்சம் ரெண்டு பிள்ளைங்க? இனிமே பத்து நாள் ஆகுமே, பூசாரி ஐயா."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கே வா, நர்சம்மா. நானும் கூட வந்து கதவத் தட்றேன். காப்பு என் கையிலதான் கீது. அந்தப் புள்ளைங்க கையில இல்ல."