மாலைக்கு அடியில் திறந்திருந்த குழாய்

ஆயுதபூசையன்று எங்கள் சித்தப்பா தம் மோட்டார் சைக்கிளுக்குச் செய்த அலங்காரம், எங்கள் ஊரில் மாப்பிள்ளைகளுக்குக்கூட நடந்ததில்லை. முன்விளக்குக்குத் திருநீற்றுப் பட்டை, பெட்ரோல் தொட்டிக்குச் சந்தனம், அதன்மேல் இரண்டு பக்கமும் தொங்கும் கதம்ப மாலை. படைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலை மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏர், மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாம் ஓய்வெடுத்தன. வண்டியும் ஓய்வெடுத்தது. அதன் பெட்ரோல் குழாய் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. வண்டியை ஓட்டிவந்து படையலுக்கு நிறுத்திய உற்சாகத்தில் சித்தப்பா அதை மூட மறந்திருந்தார். பிறகு மாலை விழுந்து அதை மறைத்துவிட்டது.

வேறொரு வருடமாக இருந்தால் இது வெறும் வேடிக்கை. அந்த வருடம் அத்தைக்குத் திருச்சியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவள் ஒரே தங்கை. விஜயதசமிக்கு அடுத்த நாள் காலையில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அதற்கு விஜயதசமியன்றே புதுக்கோட்டையில் மதிய ரயிலைப் பிடித்தாக வேண்டும். மாட்டுவண்டி அதற்குள் போய்ச் சேராது. கீரமங்கலத்து பஸ்ஸுக்கும் பூசை போட்டிருந்தார்கள். வண்டி எடுக்க நல்ல நேரம் பிற்பகலில்தான் வருகிறது என்று டிரைவர் கைவிரித்துவிட்டார். மிச்சம் சித்தப்பாவின் வண்டிதான். இந்தப் படிப்பில் அரைமனசாக இருந்த அப்பா, "வண்டி கெளம்புனா போகட்டும்" என்று முடிவை இன்ஜினிடம் ஒப்படைத்திருந்தார்.

சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. அதைப் படித்து வரிவரியாகத் தமிழில் சொன்னவள் அத்தை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்பேன். ஆனால் சித்தப்பா அதில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். கார்புரேட்டரில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக இறங்கும். ஆறிக் கிடக்கும் இன்ஜின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு எல்லா நோய்க்கும் அந்தப் பொத்தான்தான் மருந்து.

விஜயதசமி காலை மறுபூசை முடிந்து சித்தப்பா உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு உதைத்தார். இன்னும் அழுத்திவிட்டு உதைத்தார். ராத்திரியெல்லாம் குழாய் வழியே கசிந்து ஏற்கெனவே மூழ்கிக் கிடந்த இன்ஜினுக்கு அவர் மேலும் மேலும் ஊட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஊர் ஆண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னப்பா, நேத்துப் படைச்ச சுண்டல் வண்டிக்குச் செரிக்கலையா?"

சிரிப்பு அடங்கியதும் அப்பா சொன்னார்: "வண்டியே வேணாங்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலும். "சரி, இன்னொருக்கா சூடங் காட்டிப் பாப்போம்" என்று தட்டைக் கையில் எடுத்தார்.

அத்தை தகரப்பெட்டியோடு நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். அத்தனை ஆண்கள் நடுவில் கல்யாணமாகாத பெண் படி தாண்டி வந்து அண்ணனுக்கு வண்டி சொல்லிக் கொடுப்பதை எங்கள் வீடு தாங்காது. நான் தாண்டலாம், சின்னப் பிள்ளை.

"தாயி, இங்கிட்டு வா. வண்டிக்கு அடியில மண்ணு ஈரமா இருக்கு பாரு, அம்புட்டும் பெட்ரோலு. மொதல்ல அப்பா கையில இருக்க சூடத்தட்டப் புடுங்கிட்டு ஓடியா" என்று அத்தை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

புடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். "ஏய்! இந்தப் புள்ளைக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அப்பா கத்தினார். அத்தை தட்டை வாங்கி அடுக்களைப் பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததை என் காதில் சொன்னாள். நான் போய் வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன்.

"சித்தப்பா, வண்டிய அங்கிட்டுக் காஞ்ச எடத்துக்குத் தள்ளுங்க. மாலைக்குக் கீழ கையவிட்டுக் கொழாய மூடுங்க. பொத்தானத் தொடாதீங்க. ஆக்ஸிலேட்டர முழுசாத் தெறந்து வச்சுக்கிட்டு ஒதைங்க, உள்ள கெடக்குற பெட்ரோலு வெளிய போகட்டும்."

சித்தப்பா மாலைக்கு அடியில் கையை விட்டார். அவர் முகம் மாறியது. ஒருமுறை நிலைப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னபடி செய்தார். நான் உள்ளே ஓடி மிச்சத்தையும் கொண்டுவந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். மாட்டிய பிறகு குழாயைத் திறக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக வைத்து உதைக்க வேண்டும். பிளக் அவர் துண்டில் கறுப்பாக நனைந்து வந்தது. அடுத்த உதையில் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு அலறியது. சகுனம் பேசியவர்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பாத்தீங்களாய்யா எம் மகள! இத இன்ஜினியருக்குத்தான் படிக்க வைக்கணும்!" என்று தெருவே கேட்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெட்டியோடு பின்சீட்டில் ஏறியிருந்த அத்தை அவர் தோளை அழுத்தினாள்.

"ஆமாண்ணே, நல்லாப் படிக்க வைங்க" என்றாள். அன்று காலை அவள் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

தெரு நடுவில் நின்று சொன்ன சொல்லை அப்பாவால் பின்னால் விழுங்க முடியவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஜினியர் படிப்பு எதற்கு என்று பின்னால் யார் கேட்டாலும், "அன்னைக்கே சொன்னேன்ல" என்பதே அவர் பதில். ஹாஸ்டலுக்குப் போக நான் ரயிலேறிய நாளில் என் பெட்டியைத் தூக்கி வைத்தவரும் அவர்தான்.

ஆனால் அன்று வண்டி தெருமுனை திரும்பும்வரை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து நான் அத்தைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சற்றுமுன் என் காதில் சொன்னதையே மறந்துவிடுகிறவள், திருச்சியில் போய் எப்படித்தான் பாடம் படித்துப் பாஸ் பண்ணப்போகிறாளோ!