ஒரு மவுத்பீஸ், ஐந்து வாய்கள்

நான் டிரம்பெட் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது கலையை வளர்ப்பதற்காக அல்ல. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. சாவு விழும், ஆனால் அடுத்தவன் சாவை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. சங்கரன்கோவிலில் நான் வாசித்துக்கொண்டிருந்த பேண்டு செட்டில் எல்லோருக்கும் இரண்டாவது தொழில் ஒன்று இருந்தது. பெரிய டிரம் அடிப்பவர் பந்தல் போடுவார். கிளாரினெட்காரர் முடி வெட்டுவார். எனக்கு ஊதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் அதையே இரண்டாவது தொழிலாகவும் வைத்துக்கொண்டேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கள் வீட்டார் குருவிகுளத்துப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள். மழை இரண்டு வருஷம் பொய்த்து ஆடுகளை விற்ற பிறகு நான் நடந்து போய்விட்டேன். எங்கெங்கோ சுற்றி, ஓட்டலில் மாவாட்டி, ரயிலடியில் மூட்டை தூக்கி, யுத்தத்தின் நடுவில் பட்டாளத்தில் சேர்ந்தேன். என் மார்பளவைப் பார்த்து பேண்டில் போட்டார்கள். அங்கே பழகுகிறவர்கள் ஆறு பேருக்கு ஒரு டிரம்பெட். உதட்டை வைத்து ஊதும் கிண்ணம் போன்ற சின்னப் பகுதி, அதைத்தான் மவுத்பீஸ் என்பார்கள், அதுவும் ஒன்றுதான். முதல் நாள் யாரோ ஒருவன் ஊதிவிட்டு ஈரத்தோடு என் கையில் கொடுத்தான். அவன் எந்த ஊர், என்ன ஆள், ஒன்றும் தெரியாது. நான் சட்டையில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பேண்டு ஹவில்தார் வந்து அதைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து ஒரு முழக்கம் முழக்கிவிட்டு, இன்னும் அதிக ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். ஊதினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் தின்ற சப்பாத்தி வழக்கம்போலச் செரித்தது.

யுத்தம் முடிந்து விடுவித்தபோது மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய டிரம்பெட் ஒன்று வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினேன். அதோடு ஒரு மவுத்பீஸ்தான் இருந்தது.

பாடம் நடத்த ஊருக்குள் இடம் கிடையாது. பழகுகிறவன் ஊதுவதைக் கேட்டால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அதனால் ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துக்குள் போனேன். மூன்று கல் வைத்து, சுள்ளி எரித்து, பிஸ்கட் டின்னில் வெந்நீர் போடுவேன். ஒருவர் ஊதி முடித்ததும் மவுத்பீஸை வெந்நீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பேன். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முதலில் ஊதலாம். வேறு சட்டம் எதுவும் இல்லை.

நான்கு பேர் சேர்ந்தார்கள். நான்கு பேருமே என்னைவிட மூத்தவர்கள். ஒருவர் நெசவாளி, நூல் சரியாகக் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்ததால் பேண்டு செட்டில் சேரலாம் என்று வந்தார். ஒருவர் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுபவர். சினிமாப் பாட்டுக் கிறுக்கு. ஒருவர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பருத்திப் பொதி அடிக்கும் வண்டிக்காரர். நான்காமவர் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர். அவரிடம் ஏன் படிக்க வந்தீர் என்று கேட்டபோது, "ஊதணும்னு இருக்கு மாஸ்டரு, வேற என்ன" என்றார்.

செருப்புத் தைப்பவரின் வீடு குளத்துக்குப் பக்கத்தில். அதனால் அவர்தான் முதலில் வந்து நிற்பார். அவர் ஊதிய பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்க வேண்டியிருந்தது. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெசவாளி மறுநாள் அரை மணி முன்னால் வந்தார். செருப்புத் தைப்பவர் அதற்கும் அரை மணி முன்னால் வந்தார். மண்டிக் கணக்கர் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் கடைசி ஆளாகத்தான் வர முடிந்தது. அவர் முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் பாடம் கிழக்கு வெளுக்கும் முன்பே தொடங்கிவிடும் நிலைமை வந்தது. அவர்கள் எதற்காக ஓடி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கண்டுகொள்ளவில்லை. எந்த வாத்தியாருக்கும் இப்படி நேரத்துக்கு வரும் மாணவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இதில் வேடிக்கை, வண்டிக்காரர் வெற்றிலை போடுபவர். அவர் ஊதி முடித்தால் மவுத்பீஸ் சிவந்திருக்கும். டின் தண்ணீரும் சிவந்துவிடும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

தை பிறந்தது. இளையரசனேந்தல் பக்கம் நிறைய நிலம் வைத்து விவசாயம் பார்த்த பெரிய சம்சாரி வீட்டுக் கல்யாணம் ஒன்று எங்கள் செட்டுக்கு வந்தது. இரண்டு டிரம்பெட் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். செட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு டிரம்பெட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், படிக்கிறவர்களில் ஒருவரைத் தயார் செய் என்றார்.

"நல்லா ஊதுதவன் யாருலே?" என்றார்.

செருப்புத் தைப்பவரைச் சொன்னேன். உண்மை அதுதான். மற்ற மூவரும் மூச்சைக் கன்னத்தில் அடைத்துக்கொள்வார்கள். அவருக்கு அது வயிற்றிலிருந்து வரும்.

செட்டுக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஏலே, உன் டின்னு கதை ஊரெல்லாம் நாறுது. கல்யாண வீட்டுக்காரன் ஆள் அனுப்பிட்டான். அந்தச் செருப்புத் தைக்கவன் எச்சி பட்ட கருவியை மணவறைக்கு முன்னால ஊதக் கூடாதாம். நெசவுக்காரனைக் கூட்டிட்டு வா. மத்தவனை இந்த வாரத்தோட நிப்பாட்டு."

"நிப்பாட்டலைன்னா?"

"நீ செட்டுல இல்ல. அம்புட்டுதான்."

அந்த வட்டாரத்தில் அப்போது வேறு செட் இல்லை. செட்டை விட்டால் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை, தேரும் இல்லை. வாசிக்காத டிரம்பெட்காரனின் உதடு ஒரு மாதத்தில் மழுங்கிவிடும். அதன் பிறகு அவன் சொல்லிக்கொடுப்பதற்கும் லாயக்கில்லை. இதையெல்லாம் யோசித்துக்கொண்டேதான் நடந்தேன். வீரமாக ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நெசவாளியும் மண்டிக் கணக்கரும் சேர்ந்து வந்தார்கள். மற்ற இருவரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நெசவாளி மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மவுத்பீஸ். மதுரையில் கலைந்துபோன ஒரு செட்டிடம் வாங்கியதாம். சில வாரங்களுக்கு முன் என்னுடையதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று அவர் கேட்டபோது, தனக்கு வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லியிருந்தேன். அதே கம்பெனி, அதே எண். முலாம் தேய்ந்து பித்தளை தெரிவதுகூட அதே இடத்தில்.

"மாஸ்டரு, யாரையும் நிப்பாட்ட வேண்டாம்" என்றார் நெசவாளி. "அவனும் ஊதட்டும். இது அவனுக்கு. அவன் பீஸுல அவன் ஊதட்டும், நம்ம பீஸுல நாம ஊதுவோம். செட்டுக்காரருகிட்டயும் பேசியாச்சு. சரின்னுட்டாரு. உம்ம பொழப்பும் போவாது."

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் கைக்காசு போட்டு வந்திருந்தார்கள். அதுதான் எனக்கு அதிக எரிச்சலைக் கொடுத்தது.

"நம்ம பீஸுன்னா எது வே?"

"உம்ம பீஸுதான்."

"என் பீஸுல யாரு ஊதணும்னு நான்லா சொல்லணும்."

வண்டிக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நெசவாளியைப் பார்த்தார். "நாலு மாசமா என் வெத்தலை எச்சியை நக்கிட்டுத்தான இருந்திய. அது இனிச்சுதோ?"

"வெத்தலை வேற, இது வேற. உனக்குத் தெரியாதா?"

"தெரியல. சொல்லேன்."

நெசவாளி பொட்டலத் துணியை மடித்து மடியில் செருகினார். கணக்கர் குளத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நெசவாளி கையிலிருந்து அந்த மவுத்பீஸை வாங்கினேன். டிரம்பெட்டிலிருந்து என்னுடையதையும் கழற்றினேன். இரண்டையும் டின்னுக்குள் போட்டு, ஒரு குச்சியால் நாலு சுற்றுச் சுற்றினேன். எடுத்துத் துண்டில் வைத்தேன்.

"இப்ப எது நம்ம பீஸு, எது அவரு பீஸு? எடுத்துக் காட்டும்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

"இது உமக்கு நல்லதுக்கில்ல மாஸ்டரு" என்றார் நெசவாளி. தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கணக்கர் சற்று நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவரும் போனார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துச் செருப்புத் தைப்பவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அதை என் கையில குடுத்திருக்கலாம் மாஸ்டரு."

"எதுக்கு? ஒதுக்கி வைக்கதுக்கு ஒரு பீஸு, அதைப் போய் வாங்குவீரா?"

"எதுக்கு வாங்கினாங்களோ அது அவங்க பாடு. எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கும்லா. வீட்டுல வச்சு வெறும் பீஸை ஊதி உதடு பழக்கியிருப்பேன். நீங்க எனக்காவா டின்னுல போட்டிய? உங்களுக்கு வீம்பு."

வண்டிக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் இரண்டையும் கையில் நிறுத்துப் பார்த்து ஒன்றை மடியில் முடிந்துகொண்டார். அது என்னுடைய பழையது என்று அன்றைக்கே மீந்ததை ஊதும்போது தெரிந்தது. திருப்பிக் கேட்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகும், மறுபடி அப்படி ஒரு காலை வந்தால் டின்னில்தான் போடுவேன். வீம்பு என்றால் வீம்பு.

அன்று மத்தியானம் செட்டுக்காரர் டீக்கடையில் இருந்தார். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கடையில் இருந்தவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு டிரம்பெட் கேட்டியளே. ரெண்டு இருக்கு. ஒண்ணு நான், ஒண்ணு அவரு."

"அவனை அந்த வீட்டு வாசல்ல கொண்டு நிறுத்தினா என் செட்டு அன்னியோட முடிஞ்சுதுலே."

"அப்ப நான் இன்னியோட முடிஞ்சேன்னு வச்சுக்கிடுங்க."

"எங்க போயி ஊதுவ?"

"வாயி எங்கிட்டதான இருக்கு."

செட்டின் சிவப்புக் கோட்டையும் தொப்பியையும் அங்கேயே பெஞ்சில் வைத்தேன். கோட்டில் ஒரு பித்தான் குறைவாக இருந்தது. அதைக் கவனித்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர். எனக்கு அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தாலும் பொறுமை இல்லை.

கல்யாணம் ஒரு கிளாரினெட்டோடு நன்றாகவே நடந்ததாம். டிரம்பெட் எங்கே என்று யாரும் கேட்கவில்லையாம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நான்கு மாதம் கஷ்டம்தான். ஒரு வேளைச் சாப்பாடு வழக்கமாயிற்று. சில நாள் அதுவும் வண்டிக்காரர் வீட்டுக் கூழ். அப்புறம் டூரிங் டாக்கீஸ்காரர் எங்களை எடுத்துக்கொண்டார். படம் மாறும் நாட்களில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, நோட்டீஸ் வீசிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். வண்டி எங்கள் வண்டிக்காரருடையது. அவரே ஓட்டினார். நானும் செருப்புத் தைப்பவரும் மேலே நின்று, மவுத்பீஸைக்கூடக் கழற்றாமல், ஒரே டிரம்பெட்டை மாற்றி மாற்றி ஊதினோம். அவர் வாயிலிருந்து எடுத்ததை நான் வாங்கி ஊதுவதை ரத வீதி முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நின்ற இடத்தில் நின்று ஊதினேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்களும் நோட்டீஸைப் பொறுக்கினார்கள்.

நெசவாளி தெருவில் வண்டி போனபோது அவர் தறியை விட்டு வெளியே வந்து நின்றார். நாங்கள் ஊதிய பாட்டுக்கு அவர் உதடு தானாக இறுகித் தளர்வதைப் பார்த்தேன். "வாரும் வே, மேல இடம் இருக்கு" என்றேன். அவர் உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்துத் தறிச் சத்தம் கேட்டது. அது அவர் இஷ்டம்.

அந்த ஊரை நான் விட்டபோது என்னை அடித்து விரட்டிவிட்டார்கள் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்களாம். பொய். டாக்கீஸ் வண்டியில் இரண்டு வருஷம் ஊதினேன். அதற்குள் செருப்புத் தைப்பவர் தனக்கென்று ஒரு டிரம்பெட் வாங்கிவிட்டார்; பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவரும் பாடம் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரே ஊரில் அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். கிளம்பின அன்றும் குளத்தில் பாடம் நடத்தினேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வந்த வரிசையில் நின்றார்கள், வந்த வரிசையில் ஊதினார்கள். கடைசி ஆள் முடித்த பிறகுதான் தென்காசி பஸ் ஏறினேன்.