மாடிக் குழாயில் அடைத்த பழைய லுங்கி

கோடை மழைக்கு மேகம் கறுத்தால் எங்கள் தெருவில் முதல் வேலை, மொட்டை மாடித் தண்ணீர் தெருவில் விழும் குழாயின் வாயைப் பழந்துணியால் அடைப்பதுதான். திண்டுக்கல்லில் அந்த ஆண்டுகளில் பத்து நாளைக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீர் வந்தாலே பெரிது. மாடியில் நாலு விரல் உயரம் தேங்கினால் குடம் குடமாக அள்ளி ஒரு வாரம் ஓட்டலாம். கூரை தாங்குமா என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரரின் பழைய லுங்கியை நன்றாகத் திணித்துவிட்டுக் கீழே வந்தேன். முன்னறையில் என் தையல் மெஷின். குறுக்கே கட்டிய கொடியில் பதினொரு வெள்ளைக் கவுன்கள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பன்னிரண்டாவது கவுன் என் மகளுடையது. ஊரார் துணியை எல்லாம் முடித்துவிட்டு, அதற்கு மட்டும் கீழ்மடிப்பு அடிக்காமல் மெஷின் மேல் போட்டிருந்தேன். தையல்காரி வீட்டில் அப்படித்தான்.

மழை பிடித்து அரை மணி நேரத்தில் மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டத் தொடங்கியது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

"ஈரத்துல பூசுனா நிக்காதுக்கா. மழை விடட்டும், காலையில வாரேன். அதுவரைக்கும் மாடியில தண்ணி நிக்காமப் பாத்துக்கங்க" என்றார்.

"சரி" என்றேன். லுங்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அத்தனை தண்ணீரைத் தெருவில் விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு ராத்திரி சமாளிக்க முடியாதா என்ன?

பதினொரு கவுன்களையும் பின்னறைக் கட்டிலில் அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடினேன். சொட்டுத் தண்ணீர் விசிறியில் பட்டு நாலு பக்கமும் தெறித்துக்கொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறி, விசிறியின் நடுவில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டேன். தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூரையா நானா பார்த்துவிடலாம் என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு வாளி நிறைந்தது. அடுத்ததை வைத்தேன்.

அடுப்படியில் குண்டான் தேடிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, என் கவுனு."

மெஷினுக்கு நேர் மேலே புதிதாக ஒரு கீறல் விட்டிருந்தது. கவுனின் நெஞ்சுப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் நிறக் கறை. அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். கூரை செய்த வேலை இல்லை அது, என் பிடிவாதம் செய்த வேலை.

மழையிலேயே மாடிக்கு ஏறினேன். கணுக்கால் வரை தண்ணீர். குனிந்து லுங்கியை இரண்டு கையாலும் பிடுங்கினேன். தேங்கிய அவ்வளவும் இரைச்சலோடு தெருவில் கொட்டியது. எட்டிப் பார்த்தால், அதற்குள் பெண்கள் குடத்தோடு வரிசைகட்டிவிட்டார்கள். முதல் ஆளாக நின்றவள் எதிர்வீட்டுக்காரி. போன வாரம்தான், குழாயடியில் தன் குடத்தை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள் என்று அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தேன். என் தண்ணீரை அவள் பிடிப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது.

கீழே வந்தபோது சொட்டு குறைந்திருந்தது. கறை காய்வதற்குள் அலச வேண்டும். வீட்டில் இருந்ததோ குடிக்க வைத்திருந்த ஒரு செம்புத் தண்ணீர். வாளிகளில் இருந்தது காரை கரைந்த கலங்கல். கவுனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

எதிர்வீட்டுக்காரி என் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இடுப்புக் குடத்தோடு தெருவைக் கடந்து வந்து, அதை என் படியில் இறக்கினாள்.

"மொதல்ல கலங்கலா வந்துச்சு. இது பின்னாடி பிடிச்சது, தெளிவா இருக்கு. செத்த நேரம் சோப்பு போட்டு ஊற வையி" என்றாள்.

வெட்கமாக இருந்தது. கறை மூன்று அலசலில் மங்கியது, முழுசாகப் போகவில்லை. அந்த இடத்தில் லேஸ் வைத்துத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளும் வெள்ளையாகத்தான் நடந்து போனார்கள்.

கொத்தனார் வந்து கீறலை அடைத்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு நான் குழாயை அடைக்கவில்லை. அதன் கீழே இரண்டு குடம் வைத்தேன். முன்னால் இருந்தது எதிர்வீட்டுக்காரியுடையது.