ஆறு மாச மாசிலாமணி

மாசிலாமணி கூட்டிப்போகும் கடற்கரைப் பயணத்தில் சேர வேண்டுமென்றால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இருக்கா?" அதற்குக் குறைவாக இருந்தால் பக்கத்து நாட்டு எல்லையான ஜொகூரில் உள்ளே விடமாட்டார்கள். புதன்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதவருக்கு, சொந்தத் தம்பியே ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இடம் கிடையாது. லிட்டில் இந்தியாவில் அவரை 'ஆறு மாச மாசிலாமணி' என்றுதான் சொல்வார்கள். கேலிதான். அவரோ அதைப் பட்டம் கிடைத்த மாதிரி நினைத்துக்கொண்டார்.

வாரம் முழுக்க துவாஸ் கப்பல் பட்டறையில் ஸ்டோர் வேலை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு சிராங்கூன் ரோட்டிலிருந்து நாற்பது பேருடன் கிளம்பிவிடுவார். சுங்கை ரெங்கிட்டில் சாப்பாடு, தஞ்சோங் பாலாவில் மீனவர் கிராமம், பிறகு தேசாரு கடற்கரை. பஸ்ஸில் மைக் பிடித்தால் கருவாட்டு வாசனையைக்கூட மணக்க மணக்கச் சொல்வார். "நம்ம ஊர்ல கடலைப் பார்க்கவிடாம கப்பல் நிக்கும். அங்க வெறும் கடல்தான், பாருங்க!"

இதையெல்லாம் சனிக்கிழமையே மார்சிலிங் வீட்டில் ஒத்திகை பார்ப்பார். கேட்பவள் மனைவி சுசீலா. பதினேழு வருடமாகக் கேட்டாள். நடுவில் எப்போதாவது, "என்னை எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்பாள்.

"அடுத்த வாரம் பார்ப்போம்லா."

பஸ் நிரம்பி வழிவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நிரம்பிய பஸ்ஸில் பெண்டாட்டிக்கு எங்கே இடம் இருக்கும்?

போன வருடம் ஒரு ஞாயிறு, கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றார். "கிளம்பு, சுசி" என்றார் மாசிலாமணி. அவள் தீபாவளிக்கு வாங்கிய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் எப்போதும் அவருடையதோடு ஒரே டப்பாவில்தான் கிடக்கும். ஊரார் பாஸ்போர்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தவர் அதை மட்டும் திறந்து பார்க்கவே இல்லை. வீட்டில் இருப்பதுதானே என்ற அலட்சியம்.

ஜொகூர்ச் சாவடியில் அதிகாரி விரல்விட்டு எண்ணினார். ஐந்து மாதம், பதினோரு நாள்.

சுசீலாவுக்கு முகம் செத்துப்போனது. பஸ் ஓட்டுநர் அஸ்மத், பாதை முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவர், தாமே முன்வந்து சொன்னார்: "அண்ணே, நீங்க அக்காவோட திரும்பிப் போங்க. இன்னிக்கு ஒரு நாள் நான் பார்த்துக்கறேன்."

மாசிலாமணி நாற்பது பேரையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். "மார்சிலிங் பக்கத்துலதானே, சுசி. பாலம் தாண்டினா வீடு. நீ போயிடுவல்ல?"

"போயிடுவேன்" என்றாள் அவள்.

அன்று மைக்கில் அவர் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தம்மீதே அருவருப்பாக இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் விட்டது மறதி. அவளைத் தனியாக அனுப்பியதற்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது.

இரண்டே வாரத்தில் புது பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். ஞாயிறுதோறும் முதல் இருக்கையைக் காலியாக வைத்துக் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு வாரம் முழங்கால் வலி. மறு வாரம் துணி துவைக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் காரணமே சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் வந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுச் சோறு போட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், தஞ்சோங் பாலாவில் பஸ்ஸை நிறுத்திய அஸ்மத், "அண்ணே, அது அக்கா மாதிரி இல்ல?" என்றார்.

அக்காவேதான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். பக்கத்தில் எதிர்வீட்டு ஹஸீனா. மாசிலாமணி மணலில் கால் புதையப் புதைய ஓடினார்.

"சாங்கியிலேர்ந்து போட் இருக்காமே. ஹஸீனா கூப்பிட்டா, வந்தோம். இந்தப் பக்கம் டாக்சி" என்றாள் சுசீலா, மார்க்கெட்டில் பார்த்துக்கொண்டதுபோல.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு வேலை நாளாச்சே."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆனால் துளிக்கூட இல்லை. கடலைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான். பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹஸீனாதான் கையைப் பிடிச்சுக்கிட்டா."

"எப்ப?"

"வந்து இறங்கினப்போ. பதினோரு மணி இருக்கும்."

பதினோரு மணிக்கு அவர் சுங்கை ரெங்கிட் சாப்பாட்டுக் கடையில் நாற்பது பேருக்கும் நாற்காலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.