மாமாவுக்கு லீவு கொடுக்காத நிலா

என்னைவிடப் பெரிய முட்டாளை நான் இன்னும் சந்திக்கவில்லை. கண்ணாடியில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காமல்தான் சொல்கிறேன். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் இருக்கிற அத்தனை ஜனமும், இடுப்புக் குழந்தை உட்பட, மலையுச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு வருடம் ஒருவன் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து, காதில் டிரான்சிஸ்டரோடு நின்றான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பத்து வயதிலும் அப்படியேதான் இருந்தேன்.

எல்லாம் மாமாவால் வந்தது. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. நீலகிரிப் பக்கம் ஒரு மலைச்சரிவில் பெரிய ஏரியல் ஒன்று இருந்தது, அங்கே வேலை. வானத்தில் கண்ணுக்குத் தெரியாமல், ரேடியோ அலையை மட்டும் அனுப்பிக்கொண்டு எங்கோ தொலைவில் கிடக்கிற சமாச்சாரங்கள் சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன என்று அளக்கிற வேலை. இதை எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. ரேடியோவில் வேலை என்று கேள்விப்பட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னார்கள். நட்சத்திரத்தில் வேலை என்று கேள்விப்பட்டவர்கள் பெண்ணின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா இரண்டு தரப்பிடமும் "பாக்கலாங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

எனக்கு மட்டும் விளக்கினார். மொட்டை மாடியில் நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி மெதுவாக நகர்த்தச் சொன்னார். கோபுரத்தின் மேலிருந்த கலசம் ஒன்று விரலுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"மறைஞ்சுதா? இப்ப உன் விரல் எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியும். அப்படின்னா கலசம் எங்க இருக்குது?"

"விரலுக்குப் பின்னாடி."

"அவ்ளோதான்டா எங்க வேலையே. நிலாதான் எங்க விரலு. அதோட ஓரம் எந்த நொடியில எங்க இருக்கும்னு மயிரிழை பிசகாம தெரியும். நாங்க தேடற சமாச்சாரம்தான் எங்க ஆளு. நிலா அவன் மேல போவும்போது அவன் சத்தம் பட்டுனு நிக்கும். நின்ன நேரத்தை எழுதிக்கணும். வெளிய வரும்போது சத்தம் திரும்பி வரும், அதையும் எழுதிக்கணும். ஆளு மாட்டிக்கிட்டான்."

மாமா மேல் எப்போதும் நீலகிரித் தைல வாசனை வீசும். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு தைல பாட்டில், எனக்கு ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட். கார்த்திகைக்கு வரும்போது மட்டும் கூடவே சீர்: சேலை, பொரி, வெல்லம். உடன்பிறந்தவன் கார்த்திகைச் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கம் பெரிய விஷயம். அம்மா அன்றைக்கு மட்டும் வாசலில் நின்று சத்தமாகப் பேசுவாள்.

அப்பா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். லாட்ஜின் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். தீப சமயத்தில் வராந்தாவில் படுக்கவும் ஆள் சிபாரிசோடு வருவான். அப்பாவுக்குக் கலெக்டரைவிட ஒரு படி அந்தஸ்து கூடிவிடும். அப்படி ஒரு தீபத்தன்று, கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரர்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, அப்பா பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம மச்சானுக்கு இன்னா வேலை தெரியுமா? ஆகாசத்துல டோர் நம்பர் போடற வேலை. பூமியில ஒரு வூடு கட்டத்தான் துப்பு இல்ல."

பந்தியே சிரித்தது. இருப்பதிலேயே உரக்கச் சிரித்தவன் நான். ஆகாசத்தில் டோர் நம்பர் என்பது எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மாமாவும் சிரித்தார். இலையை மூடிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

அடுத்த கார்த்திகைக்கு அவர் வரவில்லை. லாட்ஜுக்கு ட்ரங்க் கால் போட்டு அம்மாவிடம் சொன்னார்: "தீபத்தன்னிக்கு நிலா எங்க ஆளு மேல போவுதுக்கா. லீவு கிடையாது." அதற்கடுத்த வருடமும் அதே நிலா, அதே ஆள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. தீபமென்றால் பௌர்ணமி, நிலா கார்த்திகை நட்சத்திரத்தோடு நிற்கிற நாள். வருடா வருடம் அங்கேதானே வந்தாக வேண்டும்? நிலாவின் பாதை மெல்ல விலகிக்கொண்டே போகும், ஒன்றின் மேல் சில காலம் போய்விட்டால் மறுபடி அங்கே வரப் பல வருடம் ஆகும் என்பதையெல்லாம் மீசை முளைத்த பிறகுதான் படித்தேன்.

கார்த்திகை பிறந்துவிட்டால் அம்மா, "செங்கம் ரோட்ல சேலம் பஸ் வந்துடுச்சாடா?" என்று என்னிடம் கேட்பாள். மாமா வந்தால் அந்த பஸ்ஸில்தான் வருவார். வந்துவிட்டது என்றால், "சும்மாதான் கேட்டேன்" என்பாள். தீர்ந்துபோன தைல பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தாள். தலைவலி இல்லாத நாளிலும் அதைத் திறந்து மூக்கில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கார்த்திகையும் வந்தது, மாமா வரமாட்டார் என்று தெரிந்தது. அப்போதுதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. அந்த ஆளை நானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால்? மாமாவுக்கு அங்கே என்ன வேலை மிச்சம்? மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாமே!

ரேடியோவில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் உஸ்ஸென்று வருகிற இரைச்சலில் ஒரு துளி வானத்திலிருந்து வருவதுதான் என்று மாமா சொல்லியிருந்தார். 'ஒரு துளி' என்பதை நான் மறந்துவிட்டேன். அப்பாவின் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு லாட்ஜின் மாடிக்குப் போனேன். எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, நான் கிழக்கே அப்போதுதான் எழும்பிய நிலாவைப் பார்த்து முள்ளைத் திருகினேன். பக்கத்தில் நின்ற யாத்திரைக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, சாமி அந்தாண்ட கீது, நீ இன்னாடா இந்தாண்ட பாக்கற?"

"நட்சத்திரம் கேக்கறேன்."

"இன்னா நட்சத்திரம்?"

"பேரு இல்ல. வெறும் நம்பர்தான்."

"அடப் பாவமே, பேரு கூட வெக்கலியா!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஊரே "அரோகரா" என்று எழும்பியது. தீபம் ஏற்றிவிட்டார்கள். அந்த நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், இரைச்சல் பட்டென்று நின்றது.

டிரான்சிஸ்டரின் பேட்டரியை அப்பா ஒரு வாரமாக வெயிலில் காயவைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெற்றி வரும்போது பேட்டரியை யார் நினைக்கிறார்கள்? தீபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியில் உருண்டு புரண்டு கீழே ஓடினேன்.

கவுண்டரில் அப்பா அறைச் சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனில் இருந்தாள். வராத வருடங்களில் தீபம் ஏற்றியதும் மாமா கூப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியும். முன்னமே வந்து நின்றிருக்கிறாள். "ம்... சாப்ட்டியா? ... ம்... இங்க நல்ல கும்பல்" என்று பேசிக்கொண்டிருந்தவளிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன்.

"மாமா! கண்டுபிடிச்சிட்டேன்! தீபம் ஏத்தின அதே செகண்டு, உங்க ஆளு சத்தம் நின்னுபோச்சு. எழுதிக்கோங்க. இனிமே அங்க உங்களுக்கு வேலை இல்ல, நீங்க வரலாம்!"

நிலா அவருடைய ஆள் மேல் போகிற நேரத்தில் அவர் எப்படிப் போனும் கையுமாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு மூன்று வருடமும் தோன்றியிருக்கும். அவள் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் மாமா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "அப்பா பக்கத்துல இருக்காராடா?"

"இருக்காரு."

"அவரு வான்னு சொல்லட்டும். அடுத்த பஸ்ஸுல வரேன். கேளு."

நான் கவுண்டரே அதிரும்படி கேட்டேன். "அப்பா! நீங்க வான்னு சொன்னா மாமா வராராம். சொல்லட்டுமா?"

சாவிக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், சுற்றுவது நின்றுவிட்டது. அப்பா ஒரு சாவியை ஆணியில் மாட்டினார். அதையே எடுத்து வேறு ஆணியில் மாட்டினார். 'வா' என்பது ஓரெழுத்து ஒருமொழி என்று தமிழ் சார் அந்த மாதம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஓர் எழுத்தைச் சொல்ல இவருக்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று புரியாமல், ரிசீவரை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா நிமிராமல் சொன்னார்:

"லைன் கட் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு வெய்யிடா."